ஐடா ஸ்கடர் அம்மையாரும் தாதியர் கல்வியும்

செங்கற்பட்டு ஜில்லாவில் கல்வி பயிலும் மாணவர்க்கு மாமல்லபுரம் புதிய ஊரன்று. நம் கல்லூரி மாணவர் கூட்டங்கூட்டமாகப் புறப்பட்டு, திருக்கழுக்குன்றத்து மலையை வழியிற் கண்டு, கடற்கரைக் கோயிலின் அருகே கட்டுச்சோற்றை அவிழ்த்துண்டு, மாலையில் மீள்வது நெடுநாளைய வழக்கம். அங்குள்ள சிற்பங்களைக் கண்டு வியவாதார் இலர். ஆயினும் முற்றுப்பெறாத பாறைகளும் அவ்வூரிற் பல உண்டு என்பதை நம்மிற் சிலரே கருதிப் பார்த்திருப்போம். உளியின் முதல் வெட்டுக்களை மாத்திரம் தாங்கி நிற்கும் குகைகளும், உருவம் வெளிப்படுமுன்னரே கைவிடப்பட்ட கற்களும் பன்னூறு ஆண்டுகளாக அவ்வண்ணமே கிடக்கின்றன. தொடங்கியவர் விட்டுச் சென்றனர். பின் வந்தவர் எடுத்து முடித்தாரில்லை.

நோயாளிகளின் சிகிச்சையும் பல வேளைகளில் இவ்வாறே பாதியில் நின்று விடுகிறது. வைத்தியர் நோயை அறிந்து மருந்து கொடுத்தார். ரண வைத்தியர் அறுத்துக் கட்டினார். நோயாளி வீடு சென்றான். அதன் பின் அவன் மருந்தை உண்டானா, புண் ஆறிற்றா, மறுபடி வருவதற்கு வண்டிச் சத்தம் அவனிடம் இருந்ததா என்று கேட்பார் இல்லையெனில், அதுவரை செய்ததெல்லாம் அரைகுறைச் சிற்பமேயாகும். இக்கேள்விகளைக் கேட்பதையே தன் கடமையாகக் கொண்டு, ஒரு நோயாளியின் சிகிச்சை முழுவதையும் முதலிலிருந்து முடிவுவரை ஒழுங்குபடுத்தும் தாதியை மேல்நாட்டார் இக்காலத்தில் நர்ஸ் கேஸ் மானேஜர் என்கின்றனர். பெயர் புதியது, தேவை பழையது. அத்தேவையை நம் நாட்டில் முன்னரே உணர்ந்து, அதற்கான கல்விக்கு அடிக்கல் நாட்டியோருள் ஒருவர் வேலூர் ஐடா ஸ்கடர் அம்மையார். அவரது சரித்திரத்தைச் சுருக்கமாக இவ்வாண்டு மலரில் எழுத முற்பட்டோம். ஒரு நல்ல தாதிக்கு வேண்டிய கல்வி எது, அனுபவம் எது என்னும் வினாவுக்கு அம்மையாரின் வாழ்க்கையிலேயே விடை கிடைக்கும் என்பது நம் துணிபு.

அம்மையார் 1870-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 9-ஆம் நாள் இராணிப்பேட்டையில் பிறந்தார். அவருடைய பாட்டனாராகிய ஜான் ஸ்கடர், அமெரிக்காவினின்றும் 1819-இல் புறப்பட்டு யாழ்ப்பாணத்துக்கும் பின்னர்ச் சென்னைக்கும் வந்து வைத்தியத் தொண்டு புரிந்தவர். தந்தையாரும் அப்பெயரே உடையவர், அவரும் வைத்தியரே. அக்குடும்பத்தில் இந்தியாவுக்கு வந்து உழைத்தோர் தொகை மிகப் பெரிது. ஆகவே அம்மையார் தமிழ் மண்ணிற் பிறந்ததும், தமிழ்ப் பேச்சின் நடுவே வளர்ந்ததும் வியப்பன்று. வியக்கத்தக்கது யாதெனில், அவருக்கு இந்நாட்டில் வாழ விருப்பமே இல்லாதிருந்தமையேயாம்.

அதற்குக் காரணமும் உண்டு. அவருக்கு ஆறு வயது நிரம்பும் காலத்தில் தாது வருஷத்துப் பஞ்சம் தென்னாட்டை வாட்டத் தொடங்கிற்று. 1876 முதல் 1878 வரை நீடித்த அக்கொடுமையில் சென்னை இராஜதானி முழுவதும் எண்ணிறந்த உயிர்களை இழந்தது. பசியால் எழுந்து நிற்கவும் வலியற்ற குழந்தைகளின் வாயில் அச்சிறுமி ரொட்டித் துண்டுகளை ஊட்டியதாக அவர் வரலாறு கூறும். அக்காட்சி அவர் நெஞ்சைவிட்டு நீங்கவில்லை. பின்னர் அமெரிக்கா சென்று, நார்த்பீல்டு என்னும் ஊரிலுள்ள பெண்கள் பாடசாலையிற் கற்ற போது, தோழியரோடு மகிழ்ந்து வாழவும், அந்நாட்டிலேயே மணம் புரிந்து குடித்தனம் நடத்தவும் அவர் விரும்பினார். பஞ்சமும் நோயும் நிறைந்த தேசத்தை மறந்துவிட எண்ணிய இளம்பெண்ணை நாம் குறை கூறுவதற்கில்லை.

இவ்வாறிருக்கையில், 1890-ஆம் ஆண்டளவில், தாயார் பிணியுற்றிருப்பதாகத் திண்டிவனத்திலிருந்து செய்தி வந்தது. செங்கற்பட்டிலிருந்து தெற்கே செல்லும் பெருஞ்சாலையில் பாலாற்றைக் கடந்து மதுராந்தகத்தைத் தாண்டிச் செல்வோர் அடையும் அவ்வூரில்தான் தந்தையார் அப்போது ஊழியம் செய்து கொண்டிருந்தார். சில காலம் தாயாருக்குப் பணிவிடை செய்து மீண்டு விடுவது என்னும் எண்ணத்தோடு அம்மையார் வந்து சேர்ந்தார். மாணவர்கள் இதனை நன்கு கவனித்தல் வேண்டும். அவர் இந்தியாவுக்கு மீண்டு வந்தது வைத்தியராக அன்று. நோயுற்ற தாயின் அருகிலிருந்து பணி செய்யும் மகளாகவே வந்தார். தாதியின் தொழிலே அவருக்கு முதலில் வாய்த்தது. அதற்குரிய கல்வியோ அப்போது அவரிடம் இல்லை.

கல்வியில்லாத அன்பு எவ்வளவு தூரம் செல்லும் என்பதைத் திண்டிவனத்து இரவு ஒன்று அவருக்குக் காட்டிற்று. அவ்விரவில் பிராமண இளைஞர் ஒருவர் வந்து கதவைத் தட்டினார். தம் மனைவி பிரசவ வேதனையில் உயிருக்கு மன்றாடுகிறாள் என்றும், அம்மையார் வந்து காப்பாற்ற வேண்டும் என்றும் வேண்டினார். தமக்கு வைத்தியம் தெரியாது, தந்தையாரை அழைத்து வருகிறேன் என்று அம்மையார் கூற, அந்நிய ஆடவர் ஒருவர் தம் மனைவியைப் பார்ப்பது வழக்கத்துக்கு மாறு என்று சொல்லி அவர் வருந்திச் சென்றார். சிறிது நேரத்தில் முஸ்லிம் கனவான் ஒருவர் அதே வேண்டுகோளோடு வந்தார். அதே விடையோடு சென்றார். பின்னர் மூன்றாமவரும் வந்தார். அவரும் அவ்வாறே திரும்பினார். பொழுது விடிந்ததும் அம்மையார் ஆளனுப்பி விசாரித்தார். மூன்று பெண்களும் இறந்துவிட்டனர். மூவரும் ஏறக்குறைய அம்மையாரையொத்த இளம்பிராயத்தினர்.

இந்நிகழ்ச்சியைப் பலரும் பலவாறாக எடுத்துரைப்பர். அம்மையாரின் மனம் உருகியதை வியந்து பேசுவர். நாம் ஈண்டு வற்புறுத்த விரும்புவது வேறொன்று. அவ்விரவில் அவருக்கு இரக்கம் குறைவாயிருக்கவில்லை, துணிவும் குறைவன்று. குறைந்தது அறிவும் பயிற்சியுமே. இதனை அவர் தெளிவாக உணர்ந்தமையால், அழுதுவிட்டு அமைந்தாரில்லை, படிப்பதற்குப் புறப்பட்டார். 1895-இல் பிலடெல்பியா நகரத்துப் பெண்கள் வைத்தியக் கல்லூரியிற் சேர்ந்தார். நியூயார்க்கிலுள்ள கார்னெல் வைத்தியக் கல்லூரி பெண்களுக்குக் கதவு திறந்தபோது அங்குச் சென்று, 1899-இல் பட்டம் பெற்றார். அக்கல்லூரியிற் பட்டம் பெற்ற முதற் பெண்கள் கூட்டத்தில் அவரும் ஒருவர்.

அதே நியூயார்க்கில், 1893-ஆம் ஆண்டு முதல், லில்லியன் வால்டு என்னும் தாதி ஏழைகள் நெருங்கி வாழும் தெருக்களிற் குடியிருந்து, வீடு வீடாகச் சென்று நோயாளிகளைக் கவனிக்கும் முறையொன்றை நடத்தி வந்தார். நோயை மாத்திரமன்றி, அந்நோயாளியின் வீட்டையும் உணவையும் கூலியையும் ஒருங்கே நோக்கும் அம்முறையிலிருந்தே இக்காலத்துக் கேஸ் மானேஜர் தொழில் கிளைத்தது என்பர். கடலுக்கு அப்பால் ஒருவர் நகரத் தெருவிற் செய்த காரியத்தை, இப்பால் மற்றொருவர் கிராமத்துச் சாலையிற் செய்ய நேர்ந்தது.

அம்மையார் 1900-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வேலூர் சேர்ந்தார். தந்தையாரின் கீழிருந்து இரண்டோர் ஆண்டுகள் அனுபவம் பெறலாம் என்பது அவர் எண்ணம். ஆனால் அதே ஆண்டு மே மாதத்தில் தந்தையார் காலமானார். கல்லூரிப் படிப்பு முடிந்தது. கைபிடித்து நடத்துவாரோ இல்லை. அயலூரிலிருந்து வந்த இளம்பெண் வைத்தியரை நம்பி வருவாரும் முதலில் மிகச் சிலரே. வீட்டிலே ஒரு சிற்றறையில் ஒரு கட்டிலோடு தொடங்கிய சிகிச்சை, நாளடைவில் வராந்தாவிலும் வாயிலிலும் நோயாளிகள் நிறையுமளவு பெருகிற்று. அமெரிக்கக் கனவான் ஒருவர் மறைந்த தம் மனைவியின் நினைவாக அளித்த 10,000 டாலரைக் கொண்டு, 40 படுக்கைகளையுடைய மேரி டேபர் ஷெல் ஆஸ்பத்திரி 1902-இல் திறக்கப்பட்டது.

கட்டிடம் எழுந்தது, கருவிகள் வந்தன, நோயாளிகளும் வந்தனர். ஆயினும் அம்மையாருக்கு உடனே ஓர் உண்மை புலனாயிற்று. வைத்தியர் ஒருவர் ஒரு நாளில் ஒரு நோயாளியின் அருகே நிற்கும் நேரம் சில நிமிஷங்களே. மிகுந்த நேரமெல்லாம் நோயாளியோடு இருப்பவர் யார்? காய்ச்சல் ஏறியதைக் கண்டு அழைப்பவர் யார்? கட்டு அவிழ்ந்ததை அறிபவர் யார்? பத்தியம் தவறியதைக் கண்டுபிடிப்பவர் யார்? சலோமி என்னும் உள்ளூர்ப் பெண்ணைத் தம் அருகில் வைத்துக்கொண்டு, தாமே சிறிது சிறிதாகக் கற்பித்து, அவர் துணையால் அம்மையார் தொடக்க ஆண்டுகளைக் கடத்தினார். கூர்மையும் பொறுமையும் உடைய ஒருவரைப் பழக்கத்தினால் நல்ல துணையாக்கலாம் என்பதற்கு அது சான்று. ஆனால் நாற்பது படுக்கைகளுக்கு ஒரு சலோமி போதாது என்பதும் அப்போதே விளங்கிற்று.

ஆகவே 1909-ஆம் ஆண்டு, டீலியா ஹௌட்டன் என்னும் தாதியின் துணைகொண்டு வேலூரில் தாதியர் பயிற்சிப் பள்ளி தொடங்கப்பட்டது. இதனை மாணவர்கள் நினைவிற் கொள்க: வைத்தியப் பள்ளி 1918-இல்தான் தோன்றிற்று. வைத்தியரை உண்டாக்குமுன்னரே தாதியரை உண்டாக்க அம்மையார் முற்பட்டார்.

தென்னாட்டில் தாதியர் பயிற்சி அதற்கு முன்னர் இல்லாமலில்லை. சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரியில் 1871-ஆம் ஆண்டிலேயே அது தொடங்கியதாகக் கூறுவர். ஆயினும் நம் குடும்பங்கள் தம் பெண்களை அத்தொழிலுக்கு அனுப்ப நெடுங்காலம் கூசின. அந்நியர் உடலைத் தொடுதலும், மலசலம் எடுத்தலும், இரவில் கண்விழித்தலும் குலத்துக்கு இழுக்கென எண்ணினர். வீட்டில் மாமியார் நோயுற்றால் மருமகள் செய்யும் அதே பணிவிடையை, ஆஸ்பத்திரியில் கற்றுச் செய்தால் மாத்திரம் இழிவென்று கொண்டது நம் சமூகத்தின் விந்தையான நியாயம். அதனால் முதலில் வந்த மாணவிகளிற் பலர் ஏழைகள். விதவைகளும் ஆதரவற்றோரும் அத்தொழிலிற் புகலிடம் தேடினர். பிறர் இழிவென்று விட்ட பணியை அவர்கள் ஏற்றுச் செய்தமையால் எத்தனை வீடுகளில் விளக்கு அணையாது நின்றது என்பதற்குக் கணக்கில்லை.

ஆஸ்பத்திரியின் சுவர்களுக்குள் மாத்திரம் வைத்தியம் நடத்தினால் போதாது என்பதை அம்மையார் சாலையிற் கற்றார். கிராமத்தார் நோய் முற்றிய பின்னரே வேலூர் வந்தனர். பலர் வாராமலே இறந்தனர். எனவே முதலில் மாட்டுவண்டியிலும், பின்னர் ஒற்றைச் சிலிண்டர் பூஷோ மோட்டாரிலும் அம்மையார் குடியாத்தம் சாலையில் வாரந்தோறும் செல்லலானார். சாலையோரத்து மரநிழலே வைத்தியசாலை. மருந்துப் பெட்டியும், கட்டுத் துணியும், உதவிக்குத் தாதியரும் உடன் செல்வர். வண்டி வரும் நாளையறிந்து மக்கள் அம்மரங்களின் கீழே காத்திருப்பர்.

இம்முறையின் சிறப்பு அதன் எளிமையில் மாத்திரம் இல்லை. அதன் ஒழுங்கில் உள்ளது. குறித்த கிழமையில் குறித்த மரத்தடிக்குத் தவறாமல் மீண்டு வருவதால், சென்ற வாரம் கட்டிய புண்ணை இவ்வாரம் அவிழ்த்துப் பார்க்க முடிந்தது; மருந்துண்ணாதவனைக் கண்டுபிடித்துக் காரணம் கேட்க முடிந்தது; ஆஸ்பத்திரிக்கு வந்தேயாக வேண்டியவரை மோட்டாரில் ஏற்றிச் செல்லவும், குணமடைந்தவரை அவர் ஊரில் மறுபடி காணவும் முடிந்தது. ஒரு நோயாளியின் கதையைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை விடாது பின்பற்றும் பழக்கம் அச்சாலையில் வேரூன்றிற்று.

1918-இல் பெண்களுக்கான வைத்தியப் பள்ளியை அம்மையார் திறந்தார். மூன்று மாணவிகள் கிடைத்தாலே அதிருஷ்டம் என்று அதிகாரிகள் ஐயுற்றனர். வந்த விண்ணப்பங்களோ 151. 1922-இல் அப்பள்ளியின் முதல் வகுப்பினராகிய 14 பெண்களும் பரீட்சையில் ஒருவர் விடாது தேறினர். பின்னர், 1930-களின் இறுதியில், பழைய டிப்ளமாப் படிப்பு போதாது, சர்வகலாசாலைப் பட்டமே வேண்டும் என்று அரசாங்கத்தார் விதித்தபோது அப்பள்ளி மூடும் நிலைக்கு வந்தது. எழுபது வயதை எட்டிய அம்மையார் அமெரிக்காவில் ஊர் ஊராகச் சென்று பொருள் திரட்டினார். பெண்களுக்கென்றே தோன்றிய நிலையத்தில் ஆடவரையும் சேர்ப்பதா என்னும் வழக்கு நெடுநாளைய நண்பர்களையும் பிரித்தது. இறுதியில் 1942-இல் கல்லூரி சென்னைச் சர்வகலாசாலையோடு இணைந்தது. 1947-இல் ஆடவரும் சேர்ந்தனர்.

தாதியர் கல்வியும் அவ்வாறே உயர்ந்தது. 1946-இல் வேலூரில் தாதியர்க்குப் பி.எஸ்ஸி. பட்டப்படிப்புத் தொடங்கிற்று. அதே ஆண்டில் டில்லியிலும் அத்தகைய படிப்புத் தொடங்கப்பெற்றது. இந்தியாவில் தாதித் தொழில் பட்டப்படிப்பாக உயர்ந்தது இவ்விரண்டு இடங்களிலேயே முதலில் என்க. தாதிக்குப் பட்டம் எதற்கு, கைத்திறன் போதாதா என்று கேட்டவர் அக்காலத்தும் உண்டு, இக்காலத்தும் உண்டு. அக்கேள்விக்கு விடை நம் செங்கற்பட்டிலேயே கிடைத்தது என்பதை இனிக் கூறுவோம்.

செங்கற்பட்டையடுத்த திருமணியில் லேடி வில்லிங்டன் தொழுநோய் நிலையம் அமைந்தது. ஸ்காட்லாந்து மிஷனார் அதனை நடத்தினர். ராபர்ட் காக்ரேன் என்னும் பேரறிஞர் அங்குப் பல்லாண்டு உழைத்து, உலகமெங்கும் தொழுநோய் வைத்தியர்கள் அவ்வூர்ப் பெயரை அறியச் செய்தார். 1940-களில் சல்போன் என்னும் புதிய மருந்துகள் வந்தபோது, இந்தியாவில் அவற்றை முதலிற் கையாண்ட இடங்களுள் அதுவும் ஒன்று. 1955-இல் இந்திய அரசாங்கத்தார் அந்நிலையத்தை ஏற்று மத்திய தொழுநோய்ப் போதனை ஆராய்ச்சி நிலையமாக்கினர். வேலூர்க் கல்லூரிக்கு நெருக்கடி நேர்ந்த 1940-களில் அதன் தலைமையை ஏற்று நடத்தியவரும் இக்காக்ரேனே.

1947-இல் வேலூரிலிருந்து இளம் ரண வைத்தியராகிய பால் பிராண்டு என்பவர் காக்ரேனின் அழைப்பின் பேரிற் செங்கற்பட்டுக்கு வந்தார். நிலையத்தின் தோட்டத்தில் நடந்து செல்கையில், விரல்கள் மடங்கி நகம்போல் வளைந்த கைகளை அவர் கண்டார். அக்கைகளை நிமிர்த்துவதற்கு ரண வைத்தியர் எவரும் முற்பட்டதில்லை என்று காக்ரேன் கூறினார். பிராண்டு நோயாளி ஒருவரை நோக்கித் தம் கையை இறுகப் பற்றுமாறு வேண்டினார். செத்த கையென்று எண்ணியிருந்த அக்கை, வலிக்குமளவு அவர் கையை இறுக்கிற்று. தசைகளிற் சில இன்னும் உயிரோடிருக்கின்றன என்றும், அவற்றை இடமாற்றித் தைத்தால் விரல்கள் நிமிரும் என்றும் அவர் உணர்ந்தார். செங்கற்பட்டில் தோன்றிய அவ்வெண்ணம் வேலூரில் ரண சிகிச்சையாக மலர்ந்து, உலகமெங்கும் பரவிற்று.

ஆயினும் கதை அங்கு முடியவில்லை. கை நிமிர்ந்து வீடு சென்றவருட் சிலர் சில மாதங்களிற் புதிய புண்களோடு மீண்டனர். நோயினால் உணர்ச்சியற்ற விரலுக்குச் சூடும் தெரியாது, முள்ளும் தெரியாது. சூடான பாத்திரத்தைப் பற்றினர். செருப்பிலுள்ள ஆணியோடு நடந்தனர். இரவில் உறங்கும் போது எலி கடித்ததையும் சிலர் அறிந்தாரில்லை. அதனால் வீடு திரும்புவோரிடம் பூனையொன்றைக் கொடுத்தனுப்பும் வழக்கமும் ஏற்பட்டதென்பர். வேறு சிலர், கோணிய கையைக் காட்டிப் பிச்சையெடுத்தோம், நிமிர்ந்த கைக்குப் பிச்சையிடுவாரில்லை, தொழிலும் தருவாரில்லை என்று முறையிட்டனர். அறுவை சிகிச்சை மிகச் சிறந்ததே; ஆனால் அதற்கு முன்னும் பின்னும் செய்ய வேண்டியது அதனினும் மிகுதி என்பது தெளிவாயிற்று. கைகால்களை நாள்தோறும் சோதிக்கக் கற்பித்தல், ஏற்ற பாதரட்சை அமைத்தல், தசைக்குப் பயிற்சி கொடுத்தல், தச்சு முதலிய தொழில் கற்பித்தல், குடும்பத்தாரின் அச்சத்தை நீக்குதல் ஆகியவையெல்லாம் சேர்ந்தே ஒரு சிகிச்சையாயின. இவற்றை ஒன்றோடொன்று இணைக்கும் பணி ரண வைத்தியரால் தனியே ஆகக்கூடியதன்று. நோயாளியோடு நெடுநேரம் இருந்து, உடலையும் மனத்தையும் வீட்டையும் அறிந்து, பார்த்ததைப் பதிவு செய்து, உரியவரிடம் உரிய காலத்திற் சேர்ப்பிக்கும் கற்றறிந்த தாதியும் துணைவரும் அதற்கு வேண்டும். கைத்திறன் மாத்திரம் போதாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேறு வேண்டுவதில்லை.

அம்மையார் 1946-இல் பொறுப்பினின்றும் ஓய்வுபெற்றுக் கோடைக்கானலில் வாழ்ந்தார். 1960-ஆம் ஆண்டு மே மாதத்தில், தம் 89-ஆம் வயதில், அங்கேயே காலமானார். ஒரு கட்டிலோடு தொடங்கிய நிலையம் இன்று இந்தியாவின் பெரிய வைத்தியசாலைகளுள் ஒன்றாக விளங்குகிறது. இவை அனைத்தையும் அம்மையார் ஒருவரே செய்தார் என்பது புகழ்ச்சியாகுமேயன்றி உண்மையாகாது. சலோமியும், ஹௌட்டனும், பெயர் எழுதப்படாத மாணவித் தாதியரும் இன்றி அது நடந்திராது. அம்மையாரே அதை மறுத்திருக்கமாட்டார்.

இனி, இத்தொழிலை விரும்பும் மாணவர்க்குப் பயன்படுமாறு அதன் கல்வி முறையைச் சிறிது கூறுவோம். இப்போது நம் நாட்டில் பிளஸ் டூ தேறியவர் மூன்றாண்டு ஜி.என்.எம். டிப்ளமாப் படிப்பிலோ, விஞ்ஞான பாடங்களை எடுத்தவர் நான்காண்டு பி.எஸ்ஸி. நர்சிங் படிப்பிலோ சேரலாம். டிப்ளமா பெற்றவர் மேலும் இரண்டாண்டு கற்றுப் பட்டம் பெற வழியுண்டு. பட்டம் பெற்றவர் இரண்டாண்டில் எம்.எஸ்ஸி. முடிக்கலாம். 1926-ஆம் ஆண்டுச் சென்னைச் சட்டத்தின் வழி வந்த தமிழ்நாட்டுத் தாதியர் கவுன்சிலில் பெயரைப் பதிவு செய்த பின்னரே தொழில் செய்தல் கூடும்.

இஃது அடிப்படையே. சிகிச்சை முழுவதையும் ஒழுங்குபடுத்தும் பொறுப்பு, நேற்றுப் பட்டம் பெற்றவர் கையில் இன்று கொடுக்கத்தக்கதன்று. அமெரிக்காவில் தாதியர்க்கு இத்துறையில் வழங்கும் சான்றிதழ் ஒன்றுக்கு, பதிவு பெற்ற தாதியாக இரண்டாண்டு முழுநேர ஊழியமும், அண்மை மூன்றாண்டுகளுள் இத்துறையில் 2,000 மணி நேர அனுபவமும், 30 மணி நேர மேற்பயிற்சியும் வேண்டுமென விதித்துள்ளனர். காரணம் வெளிப்படை. வார்டிலே பல இரவுகள் விழித்திருந்தவருக்கே எந்தக் காய்ச்சல் அஞ்சத்தக்கது, எது தானே தணியும் என்பது தெரியும். பல வீடுகளின் வாயிலில் நின்றவருக்கே, தலையசைத்து ஆமென்னும் நோயாளி உண்மையில் மருந்துண்ணப் போவதில்லை என்பது விளங்கும். முன்னதைக் கல்லூரியும் ஆஸ்பத்திரியும் கற்பிக்கும்; பின்னதைச் சாலையே கற்பிக்கும். அம்மையார் இரண்டிலும் கற்றார்.

நம் கடற்கரையையே எடுத்துக்கொள்வோம். மாமல்லபுரத்தை அடுத்த குப்பம் ஒன்றில் வாழும் மீனவர் ஒருவருக்கு நீரிழிவு இருப்பதாகவும், மணலில் வெறுங்காலோடு நடந்ததால் காலிற் புண் உண்டானதாகவும் வைத்துக்கொள்வோம். தொழுநோயாளியைப் போலவே அவர் பாதமும் உணர்ச்சி குறைந்தது. புண் பெரிதாகும் வரை அவர் அறியார். அறிந்து செங்கற்பட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு வருகிறார். 1965-இல் அங்கு வைத்தியக் கல்லூரி ஏற்பட்ட நாள் முதல் இச்சுற்றுவட்டாரத்து ஏழைகளுக்கு அதுவே புகலிடம். புண் சுத்தம் செய்யப்பட்டது; மருந்து எழுதப்பட்டது; பத்து நாளில் மறுபடி வருமாறு சொல்லப்பட்டது. பத்தாம் நாள் கடல் அமைதியாயிருந்து மீனும் பட்டால் அவர் படகைத் தள்ளுவாரா, பஸ் ஏறுவாரா? படகையே தள்ளுவார். உப்புநீரிற் கட்டு நனையும். ஒரு மாதத்தில் விரலை எடுக்க நேரும். மேலும் தாமதித்தால் காலையே எடுக்க நேரும். கால் போனபின் படகேது? படகு போனபின் பிள்ளைகளின் பள்ளிக்கூடமேது?

இம்மீனவரது காலைக் காப்பாற்ற அரிய மருந்தொன்றும் வேண்டுவதில்லை. அவர் பெயரை அறிந்து, பத்தாம் நாள் வாராததைக் கவனித்து, பதினோராம் நாள் குப்பத்துக்கே சென்று கட்டை மாற்றி, மனைவியிடம் உணவைப் பற்றிப் பேசி, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்கும் செய்தி அனுப்பி, அரசாங்கக் காப்பீட்டுக்கு வேண்டிய காகிதங்களைச் சேர்த்துக் கொடுக்கும் ஒரு தாதியே வேண்டும். தமிழ்நாட்டரசு 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்னும் திட்டம், நீரிழிவும் இரத்த அழுத்தமும் உடையோரின் வீட்டுக்கே தாதியரையும் ஊழியரையும் அனுப்பும் முயற்சியாகும். குடியாத்தம் சாலையின் மரத்தடியில் நடந்ததன் கருத்தும் இதுவே. திட்டத்தை அரசாங்கம் வகுக்கலாம். அதற்கு உயிர் கொடுக்கும் கற்ற மனிதரைக் குடும்பங்களும் கல்லூரிகளுமே தர வேண்டும்.

அங்கேதான் நம் தயக்கம் குறுக்கிடுகிறது. வைத்தியக் கல்லூரியில் இடம் கிடைக்காத பிள்ளைக்கு ஆறுதற் பரிசாகத் தாதிப் படிப்பைக் கருதும் பெற்றோர் இன்றும் உளர். வைத்தியரைக் கண்டு எழுந்து நிற்கும் நாமே, தாதியை ஏவலாள்போல் அழைக்கிறோம். ஆண்பிள்ளை அத்தொழிலை விரும்பினால் நண்பர்கள் நகைக்கிறார்கள். கற்றுத் தேர்ந்தவருள்ளும் பலர், இங்குள்ள குறைந்த ஊதியத்தையும் மதிப்பையும் கண்டு மனமுடைந்து கடல் கடந்து செல்கின்றனர். சென்றவரைக் குறை கூறுதல் நியாயமன்று. இருப்பவரை மதியாத நம்மையே குறை கூறிக்கொள்ள வேண்டும். பழைய மாணவராயுள்ள அன்பர்கள், தம் இல்லத்துப் பெண்ணோ பிள்ளையோ தாதியாக விரும்பினால், முகஞ்சுளியாது முன்வந்து கற்பிப்பார்களாக. ஆஸ்பத்திரி நடத்தும் பொறுப்பிலுள்ளோர், அனுபவம் மிக்க தாதியின் சொல்லுக்கு வைத்தியரின் மேசையருகே ஓரிடம் அளிப்பார்களாக.

திண்டிவனத்து இரவில் மூன்று முறை கதவு தட்டப்பட்டது. அன்று திறந்தவருக்கு மனம் இருந்தது, கல்வி இல்லை. பிற்காலத்தில் அவர் கல்வி பெற்றார். தாம் பெற்றதைப் பிறர்க்கும் கொடுக்கப் பள்ளிகளை அமைத்தார். அப்பள்ளிகளிற் கற்றவர் சாலைக்கும் குடிசைக்கும் சென்று அனுபவம் பெற்றனர். இம்மூன்றும் ஒருங்கே கூடினாலன்றி நோயாளியின் சிகிச்சை முற்றுப்பெறாது. அடுத்த முறை மாமல்லபுரம் செல்லும் நம் மாணவர்கள், கடற்கரைக் கோயிலைக் கண்டு களித்தபின், பாதியில் நின்ற பாறைகளின் முன்னும் சற்று நிற்பார்களாக. அப்பாறைகளை இனி முடிப்பார் இல்லை, முடிக்கவும் வேண்டுவதில்லை. அருகிலுள்ள குப்பங்களில் பாதியில் நிற்கும் சிகிச்சைகளை முடிக்கவோ நம்முள் எவரும் கற்றுக்கொள்ளலாம்.